டிபெண்டன்ட்

எங்க ஊர் குலசேகரத்துல ‘வீட்டுல ஒரு ஆள் வெளிநாட்டுல இருக்கு’ன்னு சொன்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பேச்சிப்பாறை பஸ்ல ஏறி உட்கார்ந்தா முன் சீட்டுல இருக்கிறவர் மஸ்கட்ல இருந்து லீவுக்கு வந்தவரா இருப்பார். பின் சீட்டுல இருக்கிற பையன் மெடிக்கல் முடிச்சு குவைத் விசாவுக்குக் காத்துட்டு இருப்பான். பொதுவா போறது அப்பா, இல்லாட்டி அண்ணன். பொம்பளைங்க போனா அது நர்ஸ் வேலைக்கு. இந்த ரெண்டு கணக்கிலும் சேராத வீடு எங்களோடது. எங்க வீட்டுல போனது அம்மா. போன இடம் எத்தியோப்பியா. வேலை, யுனிவர்சிட்டியில இங்கிலீஷ் லெக்சரர். ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவும் போனார். அவரோட விசா பேப்பர்ல இருந்த வார்த்தை: டிபெண்டன்ட்.

அம்மாவைப் பற்றி எழுதுறேன்னு சொல்லித்தான் இந்த இதழுக்குப் பேர் கொடுத்தேன். எழுத எழுத அப்பா உள்ளே வந்துட்டார். அவர் வழக்கமா அப்படித்தான், சத்தம் இல்லாம வந்து நிப்பார்.

அம்மா தமிழ் மீடியத்துல படிச்சு, காலேஜ்ல போய் இங்கிலீஷை இரும்பைத் தட்டுற மாதிரி தட்டித்தட்டிக் கத்துக்கிட்டவங்க. எம்.ஏ., எம்.ஃபில். மாவட்டத்துல ஒரு சுயநிதிக் கல்லூரியில ஏழு வருஷம் பாடம் எடுத்தாங்க. அந்தச் சம்பளத்தைவிட பக்கத்துத் தோட்டத்துல பால் வெட்டுற அண்ணனுக்கு மாசம் கூடுதலா கிடைச்சது. சரி, பின்னால ஏறும்னு காத்திருந்தாங்க. 2009ல யுஜிசி விதி மாறிச்சு. எம்.ஃபில். இருந்தா நெட் பரீட்சை வேண்டாம்னு முன்னாடி இருந்த சலுகை போச்சு. லெக்சரர் ஆக நெட் அல்லது ஸ்லெட் பாஸ் பண்ணணும், இல்லாட்டி பிஎச்.டி. வேணும். ரெண்டு பிள்ளைங்க, ஒரு மாமியார், ஒன்றரை ஏக்கர் ரப்பர், இதுக்கு நடுவுல அம்மா நெட் ரெண்டு தடவை எழுதினாங்க, கிடைக்கல. அதே எம்.ஃபில்.லுக்கு வெளியே மதிப்பு இருக்குன்னு கூட வேலை பார்த்த ஒரு மிஸ் சொன்னாங்க.

ஏஜென்ட் முதல்ல காட்டினது லிபியா. அங்க ஏன் இங்கிலீஷ் டீச்சர் தேவைன்னா, 1986ல அமெரிக்கா குண்டு போட்டதுக்கு அப்புறம் கடாஃபி அரசு பள்ளிக்கூடங்கள்ல இங்கிலீஷையே நிறுத்திடுச்சு. ஒரு தலைமுறை அந்த மொழி இல்லாமலே வளர்ந்தது. பிறகு திரும்பச் சொல்லிக்கொடுக்கணும்னு வந்தப்போ வெளியிலிருந்து ஆள் எடுத்தாங்க. நல்ல சம்பளம். அப்பாதான் வேண்டாம்னார். காரணம் கேட்டா ‘கடாஃபிக்க மொகம் சரியில்ல’ன்னு சொன்னாராம். உலக அரசியல் ஆய்வு எங்க வீட்டுல இந்த அளவுலதான் நடக்கும். ஆனா 2011 பிப்ரவரியில அங்க சண்டை வெடிச்சு, 15,000க்கும் மேல இந்தியர்களைக் கப்பல்லயும் விமானத்துலயும் கூட்டிட்டு வந்தப்போ, பாட்டி டி.வி. முன்னால உட்கார்ந்து அப்பாவை ஒரு தீர்க்கதரிசி மாதிரி பார்த்தாங்க. 2015 ஜூலையில சிர்த் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த நாலு இந்திய ஆசிரியர்களைப் பிடிச்சிட்டுப் போனாங்க. ரெண்டு பேரை ரெண்டு நாள்ல விட்டாங்க, மத்த ரெண்டு பேர் வெளியே வர 2016 செப்டம்பர் ஆச்சு. டாலர் சம்பளத்துக்குப் பின்னால இப்படியும் ஒரு கதை இருக்கு.

எத்தியோப்பியா கதை வேற. 1941ல இத்தாலிக்காரங்க வெளியேறின பிறகு பேரரசர் ஹைலே செலாசி பள்ளிக்கூடங்களைத் திறந்தப்போ, பாடம் நடத்த இந்தியாவிலிருந்து, முக்கியமா கேரளாவிலிருந்து, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் போனாங்க. மின்சாரம் வராத கிராமங்கள்லகூட ஒரு ‘இந்திய சார்’ இருந்திருக்கார். அதனால அங்க வயசானவங்க யாராவது நம்மைப் பார்த்தா முதல்ல கேக்கிறது ‘டீச்சரா?’ன்னுதான். 2000க்கு அப்புறம் அந்த நாடு வரிசையா புது யுனிவர்சிட்டிகள் தொடங்கிச்சு. ஒன்பதாம் வகுப்புல இருந்து எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல. ஆனா அந்த இங்கிலீஷைச் சொல்லிக்கொடுக்க ஆள் பத்தல. அப்படித்தான் 2010ல அம்மா நெகெம்டே போய்ச் சேர்ந்தாங்க. தலைநகர் அடிஸ் அபாபாவில் இருந்து மேற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, ஒரோமியா மாநிலத்துல, கடல் மட்டத்துல இருந்து ரெண்டாயிரம் மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர். பச்சைப் பசேல்னு இருக்கும், மழை கொட்டும். அம்மா அனுப்பின முதல் போட்டோவைப் பார்த்துட்டு பாட்டி, ‘இது நம்ம பேச்சிப்பாறைதானே, இதுக்கு எதுக்கு ப்ளேன்?’னு கேட்டாங்க.

முதல் ரெண்டு வருஷம் அம்மா தனியா. அப்போ வாட்ஸ்அப் எங்க வீட்டுக்கு வரல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் வரும். நிமிஷக் கணக்குப் பார்த்துப் பேசணும். நான் ரெண்டாங்கிளாஸ். என்கிட்ட கேக்கிறது எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், ‘வாட் டிட் யூ ஈட்’னு. தம்பிக்கு மூணு வயசு. அங்க மழைக்கால லீவு ஜூலை ஆகஸ்ட்ல வரும், அப்போ அம்மா வருவாங்க. வந்த முதல் பத்து நாள் தம்பி அப்பா கைலியைப் பிடிச்சிட்டுப் பின்னாலயே நிப்பான். ஒட்டிக்கிற நேரத்துல அம்மா கிளம்பிடுவாங்க. ரெண்டாவது வருஷமும் இதே பத்து நாள், இதே கைலி. அந்தத் தடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இருந்து திரும்பி வந்த ராத்திரிதான் அப்பா முடிவு பண்ணினார். மரத்தைப் பாட்டத்துக்குக் கொடுத்தார். பாட்டியைச் சித்தப்பா வீட்டுல விட்டார். 2011 ஏப்ரல்ல கிலோ 240 ரூபா வரைக்கும் போன ரப்பர் அப்போ இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் யாரும் தோட்டத்தை விட்டுட்டுப் போற விலை இல்ல. ‘பொண்டாட்டி சம்பாதிக்க இடத்துல இவன் போய் என்ன செய்யப் போறான்?’னு மளிகைக் கடையில கேட்டவங்க இருக்காங்க. அப்பா பதில் சொல்லல. கடுகு, மல்லி, புளி எல்லாம் கூடுதலா வாங்கிட்டு வந்தார்.

2012 செப்டம்பர்ல நாங்க மூணு பேரும் மும்பை வழியா போய் இறங்கினோம். அந்த நாட்டுல அப்போ 2005ஆம் வருஷம். நிஜமாத்தான். அவங்க காலண்டர் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால, வருஷத்துக்குப் பதிமூணு மாசம், புத்தாண்டு செப்டம்பர் 11. நான் பிறந்தது 2004. அப்போ எனக்கு ஒரு வயசுதானேன்னு தம்பிகிட்ட சொல்லி அழ வெச்சேன், அவன் பிறக்கவே இல்லையே. கடிகாரமும் வேற. சூரியன் உதிச்சதுல இருந்து எண்ணுவாங்க. நமக்குக் காலை ஏழு மணின்னா அவங்களுக்கு ஒரு மணி. ஸ்கூல் ‘ரெண்டு மணிக்கு’ன்னு சொன்னதை நம்பி அப்பா மத்தியானம் சாப்பாடு கொடுத்துக் கூட்டிட்டுப் போனார். ஸ்கூல் முடிஞ்சு பிள்ளைங்க வெளியே வந்துட்டு இருந்தாங்க.

அம்மா காலையில கேம்பஸ் போனா சாயங்காலம்தான் வருவாங்க. முதல் வருஷ ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் ஸ்கில்ஸ்’, ‘பேசிக் ரைட்டிங் ஸ்கில்ஸ்’னு ரெண்டு பேப்பர் உண்டு. நம்ம ஃபர்ஸ்ட் செம் இங்கிலீஷ் மாதிரியே, அதே அளவு பயத்தோட படிப்பாங்க. யாருக்கு எந்த யுனிவர்சிட்டின்னு அரசாங்கம் பிரிச்சு அனுப்பும். அதனால ஒரே கிளாஸ்ல ஒரோமோ பேசுறவங்க, அம்ஹாரிக் பேசுறவங்க, திக்ரிஞா பேசுறவங்க எல்லாரும் இருப்பாங்க. யாருக்கும் சொந்தம் இல்லாத மொழியை, யாருக்கும் சொந்தம் இல்லாத ஒரு ஆள் வந்து நடத்தணும். அம்மா அதுல கெட்டி. தமிழ் மீடியத்துல இருந்து வந்த ஆள் எந்த வாக்கியத்துல தடுக்கி விழும்னு அவங்களுக்குத் தெரியும், தானே விழுந்த இடம்தான். ராத்திரி பேப்பர் திருத்தும்போது சில நேரம் சிரிச்சுட்டு, ‘இதே தப்பைத்தான் நானும் செய்வேன், வினையைக் கொண்டு கடைசியில போட்டிருக்கான்’னு சொல்வாங்க. ஒரோமோவும் தமிழ் மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில வைக்கிற மொழி.

அப்போ அப்பா? காலையில எங்களை ஸ்கூல்ல விடணும். தண்ணி வர்ற நாள் பிடிச்சு வைக்கணும். சந்தைக்குப் போகணும். சமைக்கணும். ஊர்ல அப்பா நாலரை மணிக்கு ஹெட்லைட் கட்டிட்டு மரத்துக்குப் போற ஆள். பால் எடுத்து, உறை ஊத்தி, சீட் அடிச்சுக் காயப்போட்டுட்டு வந்தா பாட்டி சோறு வெச்சுக் கொடுப்பாங்க. சட்டியைத் தொட்டதே இல்ல. நெகெம்டேல முதல் மாசம் நாங்க தின்னது மூணு வகை: உப்புக் கூடுனது, உப்புக் குறைஞ்சது, கரிஞ்சது.

பெரிய பிரச்சனை தேங்கா. குமரி மாவட்டத்து ஆளைத் தேங்கா இல்லாத ஊர்ல கொண்டு விடுறதுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தீயல் கிடையாது, துவரன் கிடையாது, அவியல் கிடையாது. அம்மா லீவுக்கு வந்துட்டுப் போறப்போ தேங்காயைத் துருவி, கருக வறுத்து, அரைச்சு டப்பாவுல அடைச்சுக் கொண்டுபோவாங்க. அது மூணு மாசம் வரும். அப்புறம் அப்பா வேர்க்கடலையை வறுத்து அரைச்சுத் தீயல் வெச்சார். தீயல்னு சொல்ல முடியாது. ஆனா இப்பவும் எங்க வீட்டுல மாசம் ஒரு தடவை அது உண்டு. எங்களுக்கு அதுக்குத் தனி நாக்கு வந்துட்டு.

வீட்டுக்காரம்மா அதே காம்பவுண்டுல முன் வீட்டுல இருந்தாங்க. ‘இன்ஜெரா’ கேள்விப்பட்டிருப்பீங்க, தெஃப் என்கிற பொடித் தானியத்தை மாவாக்கி, ரெண்டு மூணு நாள் புளிக்க வெச்சு, பெரிய ஓட்டுல வட்டமா ஊத்தி எடுப்பாங்க. பார்த்தா நம்ம ஆப்பத்துக்கு அண்ணன் மாதிரி. அப்பா அந்த மாவுல ஒரு கரண்டி வாங்கி நம்ம தோசைக்கல்லுல சின்னதா ஊத்தினார். வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. அன்னைக்குத் தொடங்கிச்சு நட்பு. அவங்க காபி போடுறது ஒரு சடங்கு. பச்சைக் கொட்டையைக் கண் முன்னால வறுத்து, இடிச்சு, மண் குடுவையில கொதிக்க வெச்சு, மூணு ரவுண்டு ஊத்துவாங்க. கூட பாப்கார்ன். மூணாவது ரவுண்டு முடியாம எழுந்து போறது மரியாதை இல்ல. வேலைக்குப் போற அம்மாவுக்கு மூணு ரவுண்டுக்கு நேரம் கிடையாது. அப்பாவுக்கு இருந்தது. அங்க உட்கார்ந்து உட்கார்ந்து அப்பா ஒரோமோ பேசக் கத்துக்கிட்டார்.

‘உங்க ஊர்ல என்ன வேலை?’ன்னு அவங்க கேட்டிருக்காங்க. ரப்பர் மரத்தை எப்படிச் சொல்றது? ஒரோமோவுல மரம் ‘முகா’, பால் ‘ஆன்னன்’. அப்பா ரெண்டையும் சேர்த்து, கையால வெட்டிக் காட்டி, மரத்துல இருந்து பால் எடுப்பேன்னு சொல்லியிருக்கார். அந்தத் தெரு முழுக்க அன்னையில இருந்து அப்பா ‘மரத்துல பால் கறக்கிறவர்’. சின்னப் பிள்ளைங்க தெருவோர மரத்தைக் காட்டி, இதுல வருமான்னு கேப்பாங்க.

இப்படிச் சொன்னா ஜாலியா இருக்கு. ஜாலி மட்டும் கிடையாது. அங்க இந்திய ஆசிரியர் குடும்பங்கள் பத்துப் பதினஞ்சு இருக்கும், ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு, கேரளான்னு. தீபாவளி, கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டுல கூடுவாங்க. ஆம்பளைங்க எல்லாரும் ஹால்ல பேப்பர் பப்ளிகேஷன், கான்ட்ராக்ட் ரினியூவல், டாலர் ரேட்னு பேசுவாங்க. பொம்பளைங்க கிச்சன்ல. அம்மாவுக்கு ஹால்ல இடம் உண்டு. அப்பா முதல்ல ஹால்ல ஒரு ஓரத்துல உட்காருவார். யாராவது ‘சார் என்ன டிபார்ட்மென்ட்?’னு கேப்பாங்க. ‘மேடத்துக்க வீட்டுக்காரர்’னு இன்னொருத்தர் பதில் சொல்வார். கொஞ்ச நேரத்துல அப்பா எழுந்து கிச்சனுக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சுடுவார். அங்க யாரும் டிபார்ட்மென்ட் கேக்க மாட்டாங்க. நான் கிச்சன் வாசல்ல நின்னு பார்ப்பேன். அந்த வயசுல எனக்கு அது ஒண்ணும் தோணல. இப்போ பிளேஸ்மென்ட் ஃபார்ம்ல ‘ஃபாதர்ஸ் ஆக்குபேஷன்’ நிரப்பும்போது அந்த வெங்காயம் ஞாபகம் வருது.

2014ல ஒரு ராத்திரி பெரிய சண்டை. பாட்டத்துக்கு எடுத்த ஆள் மரத்தை முறையா வெட்டல, பட்டையை ஆழமா கீறிட்டான்னு சித்தப்பா போன்ல சொல்லியிருக்கார். ரப்பர் பட்டையில ஒரு மயிரிழை ஆழம் கூடினாலும் மரத்துக்குக் காயம், அந்த இடத்துல புதுப்பட்டை ஒழுங்கா வளராது. அப்பா, ‘நான் போறேன்’னார். அம்மா, ‘போங்க, பிள்ளைகளையும் கொண்டு போங்க, நான் மறுபடியும் ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்’னாங்க. எங்களைத் தவிர அந்த ஊர்ல தமிழ் தெரிஞ்ச வீடுகள் ரெண்டோ மூணோ, அதுவும் தூரத்துல. கத்திச் சண்டை போட்டாலும் ஒருத்தருக்கும் புரியாது. அப்படியும் ரெண்டு பேரும் ரகசியக் குரல்லதான் சண்டை போட்டாங்க, நாங்க தூங்குறோம்னு நினைச்சு. ‘எனக்கு இங்க என்ன பேர் இருக்கு?’னு அப்பா கேட்டார். அம்மா பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘நீங்க இல்லாத ரெண்டு வருஷம் நான் அந்த அறையில லைட்டை அணைக்காம தூங்கினேன்’னு மட்டும் சொன்னாங்க. அப்பா போகல. மறுநாள் காலையில வழக்கம்போல தண்ணி பிடிச்சார்.

எனக்குத் தமிழ் எழுத்து வந்ததும் அந்த வீட்டுலதான். ஊர்ல நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், எழுத்துக் கூட்டத் தெரியாது. நெகெம்டேல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது. ஒரோமோ மொழியை 1991ல இருந்து ஆங்கில எழுத்துலதான் எழுதுறாங்க. ‘குபே’ன்னு பேர். அதனால இறங்கின அன்னைக்கே நான் கடைப் பலகை எல்லாத்தையும் சத்தமா வாசிச்சேன், ஒண்ணும் புரியல. வாசிக்கத் தெரிஞ்சு புரியாத ஒரு மொழி, புரிஞ்சும் வாசிக்கத் தெரியாத ஒரு மொழி, ரெண்டுக்கும் நடுவுல நான். வாசிச்சதும் தப்பு. அந்த எழுத்துல ‘எக்ஸ்’னா எக்ஸ் இல்ல, அழுத்தமான ஒரு ‘த்’. ‘சி’ன்னா அழுத்தமான ஒரு ‘ச்’. பேப்பர்ல ‘சி ஏ எஃப் எஃப் ஈ ஈ’ன்னு போட்டிருந்ததைக் காபிக்கடைன்னு தம்பி அடிச்சுச் சொன்னான். அது அந்த மாநிலத்துச் சட்டசபையோட பேர்.

அம்மாவுக்கு எங்க இங்கிலீஷ் நிக்கக் கூடாதுங்கிற கவலை, வீட்டுல எங்ககிட்ட இங்கிலீஷ்லயே பேசுவாங்க. ‘அது உனக்க டிபார்ட்மென்ட், இது எனக்க டிபார்ட்மென்ட்’னு சொல்லி அப்பா தமிழை எடுத்துக்கிட்டார். பிளஸ் டூ படிச்ச ஆள். புத்தகம் எதுவும் கொண்டு வரல. இருந்தது, அம்மா ஊர்ல இருந்து கொண்டு வந்த ஊறுகாய் பாட்டிலையும் அப்பளக் கட்டையும் சுத்தியிருந்த நாகர்கோவில் பதிப்பு நியூஸ்பேப்பர். எண்ணெய்க் கறையோட இருக்கிற அந்தத் தாள்களை அப்பா தேய்ச்சு நீவி மடிச்சு வெச்சிருந்தார். அதுதான் பாடப் புத்தகம். காலமானார் விளம்பரம், கோயில் கொடை, பஸ் மோதி ஒருவர் காயம், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை. நான் தமிழ்ல முதல்முதலா முழுசா வாசிச்ச வரி ‘ரப்பர் விலை’ன்னு தொடங்கும். ஒவ்வொரு தாளிலும் அப்பா என்னை முதல்ல அதைத்தான் வாசிக்கச் சொல்வார். பழைய தாள், பழைய விலை. ஆனாலும் கேட்டுட்டு, ‘ம்’னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவார்.

குறில் நெடில் எனக்கு ஏறவே இல்ல. அப்போ அப்பா ஒரு வேலை செஞ்சார். ஒரோமோவுல உயிரெழுத்து நீண்டா அதே எழுத்தை ரெண்டு தடவை போடுவாங்க. ‘லஃபா’ன்னா தரை, ‘லாஃபா’ன்னா மெத்துனு இருக்கிறது. அதைக் காட்டி, ‘கல்லுக்கும் காலுக்கும் இதே கணக்குதான் மக்களே, அவன் ரெண்டு எழுத்துப் போடுறான், நாம ஒரு துணைக்கால் போடுறோம்’னார். அம்ஹாரிக் எழுத்துல ஒவ்வொரு மெய்யும் ஏழு வடிவம் எடுக்கும், நம்ம உயிர்மெய் மாதிரி. அதையும் வீட்டுக்காரம்மா மகன்கிட்ட கேட்டு எழுதிட்டு வந்து காட்டினார். அம்மா பேப்பர் திருத்துறதை நிறுத்திட்டு அவரையே பார்த்துட்டு இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இன்னைக்கு நான் இதை டைப் பண்றது அந்த ஊறுகாய்த் தாள் தமிழ்லதான். பிழை இருந்தா எடிட்டர்ஸ் திருத்தட்டும், எண்ணெய்க் கறை மட்டும் இருக்கட்டும்.

2015 நவம்பர்ல ஒரோமியாவுல போராட்டம் தொடங்கிச்சு. முதல்ல கிஞ்சின்னு ஒரு ஊர்ல. அடிஸ்ல இருந்து எங்க ஊருக்கு வர்ற அதே ரோட்டுல இருக்கு. கொஞ்ச நாள்ல ரோடு அடைச்சாங்க, பஸ் நின்னது, ஸ்கூல் அடிக்கடி மூடினாங்க. எங்க வீட்டுல எல்லாத் தகவலும் முதல்ல வந்தது அப்பாகிட்ட. கேம்பஸ்ல இருக்கிற அம்மாவுக்கு அறிவிப்புப் பலகையில ஒட்டினாத்தான் தெரியும். சந்தையில அப்பாகிட்ட, ‘நாளைக்குப் பிள்ளைகளை வெளியே விடாதீங்க’ன்னு வெங்காயம் விக்கிற பெண் முந்தின நாளே சொல்லிடுவாங்க. அக்கம்பக்கத்து இந்திய ப்ரொஃபஸர்கள் ராத்திரி எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட நிலவரம் கேப்பாங்க. ஹால்ல நடு நாற்காலியில அப்பா உட்கார்ந்து பேசினதை நான் பார்த்தது அப்போதான். அம்மா உள்ளே போய் டீ போட்டாங்க.

திரும்புறதுன்னு முடிவு பண்ணினதும் அப்பாதான். நான் ஏழாங்கிளாஸ் சேரணும், அந்த ஊர்ல இந்திய சிலபஸ் ஸ்கூல் கிடையாது, ரோடும் சரியில்ல. எல்லாரும் சேர்ந்து போகலாம்னு அம்மா சொன்னாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. 2016 தொடக்கத்துல ரப்பர் கிலோ நூறு ரூபாய்க்குக் கீழ போயிருந்தது. 240ல இருந்து நூறுக்குள்ள. வெட்டுக்கூலி கொடுத்தா மிச்சம் நிக்காதுன்னு நிறைய பேர் மரத்தை வெட்டாமலே விட்ட வருஷம். ஒன்றரை ஏக்கரை நம்பி நாலு பேரும் ஊருக்குப் போக முடியாது. அப்பா, நான், தம்பி மூணு பேரும் வந்தோம். அம்மா அங்கேயே.

அடுத்த நாலரை வருஷம் குடும்பம் போனுக்குள்ள. இந்தத் தடவை வாட்ஸ்அப் வீடியோ இருந்தது, ஆனா இன்டர்நெட் இருக்கணுமே. 2016 அக்டோபர்ல அங்க அவசரநிலை அறிவிச்சு மொபைல் நெட்டை நிறுத்தினாங்க. 2017ல பிளஸ் டூ மாதிரியான பரீட்சையில கேள்வித்தாள் லீக் ஆகக் கூடாதுன்னு நாடு முழுக்க நெட்டை மூடினாங்க (நம்ம ஊர்ல செமஸ்டருக்கு இதைச் செஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க). 2020 ஜனவரியில இருந்து மார்ச் கடைசி வரைக்கும் வொலேகா பகுதி முழுக்க நெட் கிடையாது, பல இடங்கள்ல போனும் கிடையாது. பெரிய ஊர்கள்ல மட்டும் போன் பேசலாம். நெகெம்டே பெரிய ஊர். அதனால மறுபடியும் நிமிஷக் கணக்கு, ஞாயித்துக்கிழமை. அம்மா முகத்தைப் பார்த்து ரெண்டு மாசம் ஆனப்போ கோவிட் வந்தது, இந்தியாவுல வெளிநாட்டு விமானமே நின்னது. ஜூன் கடைசியில ஹச்சாலு ஹுண்டேசா என்கிற ஒரோமோ பாடகரைச் சுட்டுக் கொன்னாங்க, மறுநாள் நாடு முழுக்க மறுபடியும் நெட் நின்னுச்சு. அப்போ நான் பதினோராங்கிளாஸ். ‘நெட் எப்போ வரும்’னு தேட எனக்கு இங்க நெட் இருந்தது, அதுல ஒரு பதிலும் கிடையாது.

நடுவுல ஒரு சின்ன விஷயம். லைன் கிடைக்கிற நாள்ல அப்பா அம்மாகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு, ‘அவங்ககிட்ட கொடு’ன்னு சொல்வார். வீட்டுக்காரம்மா வருவாங்க. ‘அக்கம்? நகா?’ன்னு தொடங்கி ஒரோமோவுல அஞ்சு நிமிஷம் ஓடும். மாடு கன்னு போட்டது, மழை, காபி விலை. ஐ.எஸ்.டி. காசுன்னு யாரும் ஞாபகப்படுத்த மாட்டோம். போனை வெச்சதும் அப்பா சிரட்டையைக் கழுவப் போயிடுவார்.

அம்மா வந்தது 2020 டிசம்பர். மாடி அறையில ரெண்டு வாரம் தனிமை. அப்பா சோறு கொண்டுபோய் வாசல்ல வெச்சுட்டுக் கீழே நின்னு, ‘உப்பு போதுமா?’ன்னு கேப்பார். பத்து வருஷம் கழிச்சு ஒரே வீட்டுல நாலு பேரும் நிரந்தரமா இருந்தப்போ அது அவ்வளவு சுலபமா அமையல. ஒரு கிச்சன்ல ரெண்டு சமையல்காரங்க. மிளகாய்ப்பொடி எங்க இருக்குன்னு அம்மாவுக்கு அவங்க வீட்டுலயே தெரியல. தம்பி கையெழுத்து வாங்க ப்ரோக்ரஸ் கார்டை நேரா அப்பாகிட்ட நீட்டினான், அம்மா பக்கத்துலயே நின்னாங்க. அதை யாரும் பெருசா பேசல. அடுத்த தடவை அப்பா, ‘எனக்குக் கண்ணாடி இல்ல, அம்மாகிட்ட கொடு’ன்னார். கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்தது.

காலேஜ்ல திரும்பச் சேர அம்மா முயற்சி பண்ணினாங்க. நெட் இல்ல, பிஎச்.டி. இல்ல, பத்து வருஷ யுனிவர்சிட்டி அனுபவத்தை எந்தக் காலத்துல நிரப்புறதுன்னே தெரியல. இப்போ எங்க வீட்டுத் திண்ணையில சாயங்காலம் பதினஞ்சு நர்ஸுங்க வருவாங்க. ஓ.ஈ.டி., ஐ.ஈ.எல்.டி.எஸ். கோச்சிங். அதுல பாஸானா அயர்லாந்து, இங்கிலாந்து. ரெண்டு வயசுப் பிள்ளையை இடுப்புல வெச்சிட்டு வர்ற ஒரு அக்காகிட்ட அம்மா ஒரு நாள் கிராமரை நிறுத்திட்டு, வீட்டுக்காரர் கூட வருவாரான்னு கேட்டாங்க. அவருக்கு அங்க என்ன வேலை கிடைக்கும் மிஸ்னு அந்த அக்கா திருப்பிக் கேட்டாங்க. சீட் காயப்போட்டுட்டு இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

போன மாசம் அம்மாவுக்கு ஒரு மெயில் வந்தது. நெகெம்டேல கூட வேலை பார்த்த ஒரு ஒடிசா ப்ரொஃபஸர் இப்போ ஆப்பிரிக்காவுல வேற ஒரு நாட்டுல இருக்கார், அங்க இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட், ஸ்பவுஸ் விசா உண்டு. எனக்கு ஆகஸ்ட்ல சென்னையில ஜாயினிங். தம்பி பிளஸ் டூ முடிச்சுட்டான், அவனும் ஹாஸ்டல் போறான். பாட்டி போய் மூணு வருஷம் ஆச்சு. ரப்பர் 2024 ஆகஸ்ட்ல மறுபடியும் 240ஐத் தாண்டிட்டு இறங்கிச்சு, மரத்துக்கும் வயசாச்சு, வெட்டி மறுநடவு வைக்கணும். வெச்சா ஆறேழு வருஷத்துக்குப் பால் கிடையாது. அம்மா மெயிலை வாசிச்சுக் காட்டினாங்க. அப்பா முழுசும் கேட்டார். சம்பளம் கேக்கல, ஊர் பேர் கேக்கல.

‘அங்க தேங்கா கிடைக்குமா?’ன்னார்.

அம்மா இன்னும் பதில் அனுப்பல. இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு.